மெட்டல் டிடெக்டர் மறுபடி கத்துகிறது!



பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்த பிறகு நம்ம கபடிக் களத்தில் என்ன நடந்ததுன்னு எல்லாருக்கும் தெரியும். எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவன் பாடிப் போனபோது காலில் இரண்டங்குல ஆணி ஏறியது. டி.டி. ஊசி போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வந்தான். அன்றோடு பி.டி. சார் பயிற்சியை நிறுத்திவிட்டார். மண் களத்தில் நாம வெறுங்காலோடுதானே ஆடுகிறோம்! மண்டலப் போட்டிக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

பிசிக்ஸ் லேப் பீரோவின் மேல் ஒரு கருவி கிடந்தது. பல வருடங்களுக்கு முன் சீனியர் அண்ணன்கள் அறிவியல் கண்காட்சிக்குச் செய்தது. பிளாஸ்டிக் குழாய்க் கைப்பிடி, அடியில் தட்டு மாதிரி கம்பிச்சுருள், மேலே ஒரு டப்பா. "அது செத்துப் போச்சு சார்" என்றேன். "செத்துப் போச்சான்னு நீ திறந்து பார்த்தியாடா?" என்றார் சார். அப்படி ஆரம்பித்தது இந்த வேலை.

முதலில் அது எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லிவிடுகிறேன். பதினோராம் வகுப்பில் 'விம்மல்கள்' படித்திருப்போம். கிட்டத்தட்ட ஒரே அதிர்வெண் உள்ள இரண்டு இசைக்கவைகளைத் தட்டினால் ஒலி கூடிக் குறைந்து கேட்கும். இந்த டப்பாவிலும் அதே கதைதான், ஆனால் மின்சாரத்தில். உள்ளே இரண்டு அலை இயற்றிகள். ஒன்று நொடிக்கு 1,00,000 முறை மாறாமல் அதிர்கிறது என்று வையுங்கள். மற்றொன்று தட்டில் உள்ள கம்பிச்சுருளை நம்பி 1,00,400 முறை அதிர்கிறது. இரண்டுமே நம் காதுக்கு எட்டாதவை (நமக்கு 20,000 வரைதான்). ஆனால் இரண்டின் வித்தியாசமான 400 கேட்கும். 'ஊ' என்று ஒரு சத்தம். தட்டுக்குப் பக்கத்தில் உலோகம் வந்தால் சுருளின் மின்தூண்டல் மாறும், அதிர்வெண் நகரும், 'ஊ' ஏறும் அல்லது இறங்கும். லட்சத்தில் நூறு மாறினாலே 400 என்பது 300 ஆகிவிடும். காது உடனே கண்டுபிடிச்சிடும். எவ்வளவு எளிமையான தந்திரம் பாருங்கள்!

இனி ரிப்பேர். டப்பாவைத் திறந்ததும் பழைய செல்கள் ஒழுகி, ஸ்பிரிங் எல்லாம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. சாதாரண டார்ச் செல்லில் இருந்து ஒழுகுவது அமிலத்தன்மை உள்ள உப்பு. அதனால் ஆப்பசோடா கரைத்த தண்ணீரைப் பழைய டூத் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்தோம். (ஆல்கலைன் செல் என்றால் ஒழுகுவது காரம். அதற்கு எலுமிச்சைச் சாறு.) கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூளை ஊதாதீர்கள். ஸ்பிரிங் தேறவில்லை, வேறு மாற்றினோம்.

புது செல் போட்டும் சத்தம் இல்லை. மல்டிமீட்டரை ஓம் பக்கம் திருப்பிச் சுருளின் இரு முனையில் வைத்தால் முள் அசையவே இல்லை. எங்கேயோ அறுந்திருக்கிறது. கம்பி கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் மடங்கி மடங்கி, உறைக்குள்ளேயே துண்டாகியிருந்தது. வெட்டிச் சேர்த்து ஈயம் வைத்தேன், ஒட்டவில்லை! சுருள் கம்பியின் மேல் எனாமல் பூச்சு இருப்பதை மறந்துவிட்டேன். பிளேடால் சுரண்டிய பிறகு பிடித்தது.

'ஊ' வந்துவிட்டது. லேப் மேஜை மேல் வைத்தால் சத்தம் ஒரு நிலையில் நிற்கவில்லை. அரை மணி நேரம் திருகினேன். அப்புறம்தான் மேஜையின் கால், சட்டம் எல்லாமே இரும்பு என்று உறைத்தது. வெட்கப்படவில்லை. டெலிபோன் கண்ட கிரகாம் பெல்லுக்கே இது நடந்திருக்கிறது. 1881இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் குண்டைத் தேட பெல் ஒரு கருவியோடு போனார். மெத்தைக்கடியில் இருந்த இரும்பு ஸ்பிரிங் குழப்பியது. டாக்டரோ வலது பக்கம் மட்டுமே தேட விட்டார். குண்டு இருந்தது இடது பக்கம். அதிபர் செப்டம்பரில் இறந்துபோனார்.

களத்துக்குக் கொண்டுபோனால் அடுத்த தொல்லை. ஈரப் புல் தட்டைத் தொட்டாலே கத்துகிறது. இதைத் தடுக்கச் சுருளைச் சுற்றி அலுமினியத் தாள் கவசம் இருக்க வேண்டும். பழையது கிழிந்து போயிருந்தது. சமையலறைத் தாளை வாங்கி வந்து, ஒரு இடம் விடாமல் வளையம் முழுக்க அழகாகச் சுற்றினேன். கருவி ஊமையாகிவிட்டது. சார் பார்த்துச் சிரித்தார். "நீயே தட்டுக்குள்ள ஒரு பெரிய அலுமினிய வளையத்தை வெச்சுட்டியேடா, அது வேற எதைத் தேடும்?" உண்மைதான். மூடிய வளையத்தில் சுழல் மின்னோட்டம் ஓடி, சுருளின் அதிர்வெண்ணை எங்கேயோ தூக்கிவிட்டது. ஒரு விரல் அகலத்துக்குத் தாளை வெட்டி இடைவெளி விட்டேன். தாளில் ஒரு கம்பி இணைத்துச் சர்க்யூட்டின் எர்த் புள்ளிக்குக் கொடுத்தேன். குரல் திரும்பியது. இந்த ஒரு விரல் இடைவெளியில் நான் படித்ததைப் புத்தகத்தில் நான்கு பக்கம் படித்தும் புரிந்துகொள்ளவில்லை.

எங்கள் கருவியில் ஆணிக்குச் சத்தம் இறங்கும், அலுமினிய மூடிக்கு ஏறும். இரும்பு மின்தூண்டலைக் கூட்டுகிறது, அலுமினியத்தில் ஓடும் சுழல் மின்னோட்டம் அதைக் குறைக்கிறது. ஆனால் சோடா மூடி இருக்கிறதே, இரும்பாக இருந்துகொண்டே தட்டையாக இருப்பதால் ஏற்றிக் காட்டி ஏமாற்றும். எத்தனை மூடி தோண்டினோம்னு கேட்காதீங்க.

"இதுக்கு ஸ்பீக்கர் காந்தம் போதாதா?" என்று சிலர் கேட்டார்கள். இழுத்துப் பார்த்தோம். மேலே கிடந்த ஆணி ஒட்டியது. நான்கு விரல்கடை ஆழத்தில் புதைந்த கட்டுக்கம்பி வரவில்லை. காந்தம் முதலில், கருவி பிறகு என்று வைத்துக்கொண்டோம். 13 மீட்டருக்கு 10 மீட்டர் களத்தைக் கயிறு கட்டி ஒரு மீட்டர் பட்டைகளாகப் பிரித்தோம். தட்டைத் தரையோடு ஒட்டி மெதுவாக வீச வேண்டும். நான்கு காலைகளில் 71 துண்டு கிடைத்தது. பெரும்பாலும் ஆணியும் கட்டுக்கம்பியும். ஒன்று உடைந்த பிளேடு. அதைப் பார்த்ததும் யாரும் பேசவில்லை.

புதையல் தேடக் கேட்டு வந்த நண்பர்களுக்கு: 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணுக்கடியில் புதையலாகக் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கோயில், கோட்டைப் பக்கம் கருவியைக் கொண்டுபோகவே கூடாது. நம் கருவியின் எட்டுமளவும் ஒரு சாண் கூட இல்லை, ஆசை வேண்டாம்.

ஒரு குறை மிச்சம். வெயில் ஏற ஏற டப்பா சூடாகி, சத்தம் தானாக நகர்கிறது. அதனால் எட்டு மணிக்குள் முடித்துவிடுகிறோம். மேற்கு மூலையில் இரண்டு பட்டை பாக்கி. சனிக்கிழமை காலை 6.30க்கு வருபவர்கள் செருப்போடு வரவும். கைக்கடிகாரம், காப்பு, வளையலைக் கழற்றிவிட்டு வரவும். மண்வெட்டியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீங்க, ப்ளீஸ்!