பழைய பிக்அப் வண்டிக்கு ஏற்ற ஆக்சிஜன் சென்சார்



சானமாவுப் பகுதியில் விளையும் தக்காளி, முட்டைக்கோஸ், மலர்கள் ஆகியவை ஓசூர், இராயக்கோட்டைச் சந்தைகளுக்கும் பெங்களூருக்கும் பெரும்பாலும் சிறு பிக்அப் வண்டிகளிலேயே செல்கின்றன. பறித்த காய் விடியுமுன் சந்தை சேர வேண்டும். யானை நடமாடும் காட்டுச் சாலையில் வண்டி இழுவையின்றித் திணறினால் நட்டத்தோடு ஆபத்தும் உண்டு. பெட்ரோல் அல்லது சி.என்.ஜி. வண்டி வழக்கத்தைவிட அதிகமாக எரிபொருள் குடித்து, நிறுத்தத்தில் உதறி, 'செக் இன்ஜின்' விளக்கும் எரிந்தால் ஆக்சிஜன் சென்சாரைச் சோதிப்பது அவசியம்.

சென்சாரின் பணி

ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரியச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். புகைக்குழாயில் திருகப்பட்டுள்ள இச்சென்சார், புகையில் எஞ்சிய ஆக்சிஜனை உணர்ந்து இன்ஜின் கணினிக்குத் தெரிவிக்கிறது. எரிபொருள் மிகுந்தால் சுமார் 0.9 வோல்ட்டும், காற்று மிகுந்தால் சுமார் 0.1 வோல்ட்டும் காட்டுவது சாதாரண வகை. மண் ஆய்வு முடிவைப் பார்த்து உரமிடுவதுபோல, கணினி இதைப் பார்த்து எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிறது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1976ஆம் ஆண்டு கார்களுக்காக இதன் உற்பத்தியைத் தொடங்கியது.

பழைய டீசல் பிக்அப் வண்டிகள் பெரும்பாலானவற்றில் இந்தச் சென்சார் கிடையாது. எனவே முதலில் உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்குமுன் சோதனை

இலை மஞ்சளானதும் தழைச்சத்துக் குறை என்று முடிவு கட்டலாகாது. அதுபோல விளக்கு எரிந்ததும் சென்சாரை மாற்றலாகாது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் பொருத்திக் குறியீட்டைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பி 0135 என்றால் முன் சென்சாரின் சூடேற்றிச் சுற்றில் பழுது. பியூஸையும் ஒயரையும் முதலில் பார்க்க வேண்டும். பி 0171 என்றால் கலவையில் காற்று மிகுதி. காற்றுக் குழாய்க் கசிவு, எரிபொருள் அழுத்தக் குறைவு ஆகியவையும் காரணமாகலாம். எலி கடித்த ஒயர், வெடித்த புகைக்குழாய் ஆகியவையும் நல்ல சென்சாரைக் கெட்டதாகக் காட்டும்.

தேர்ந்தெடுக்கும் முறை

1. வண்டியின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரே பெயரில் வந்த வண்டியிலும் ஆண்டுக்கு ஆண்டு சென்சார் மாறும். குறிப்பாக, 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தபோது பல வண்டிகளில் மாற்றங்கள் நிகழ்ந்தன. பதிவுச் சான்றிலுள்ள சேசிஸ் எண்ணையும் தயாரிப்பு மாதம், ஆண்டையும் கொடுங்கள்.

2. பழைய சென்சாரின் உடலில் பொறித்த எண்ணை எழுதிச் செல்லுங்கள். விதைக்குச் சான்றட்டை எப்படியோ, சென்சாருக்கு இந்த எண் அப்படி.

3. கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னுள்ளதா, பின்னுள்ளதா என்று தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

4. ஒயர்களின் எண்ணிக்கை, நீளம், பிளக்கின் வடிவம், மரை அளவு ஆகியவற்றை ஒப்பிடுங்கள். பிளக் பொருந்தினாலும் வகை வேறாக இருக்கலாம். சாதாரண வகைக்குப் பதில் அகல அளவீட்டு வகையைப் பொருத்தினால் வண்டி சரியாக ஓடாது.

5. ஒயரை வெட்டி இணைக்கும் பொதுவகை சென்சாரைவிட, பிளக்குடன் வரும் நேரடிச் சென்சாரே நல்லது.

பொருத்தும்போது

சற்றே வெதுவெதுப்பான இன்ஜினில் கழற்றினால் மரை கெடாது. கை சுடாமல் கவனம் தேவை. மரைக்குப் பூசும் பசை சென்சாரின் முனையில் படக்கூடாது. பல புதிய சென்சார்களில் அது பூசியே வரும். ஒயர் சூடான குழாயைத் தொடாதபடி கட்டுங்கள். இன்ஜின் ஆயிலோ கூலன்டோ எரிந்து வந்தால் அப்பழுதை முதலில் நீக்குங்கள். இல்லையேல் புதிய சென்சாரும் விரைவில் கெடும்.

வேலை முடிந்ததும் குறியீட்டை அழித்து, சுமையின்றிச் சில கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி ஸ்கேனரில் பாருங்கள். அடுத்த அறுவடைச் சுமையை அதன்பின் ஏற்றுங்கள். சோதித்த பின் வாங்குவதும், எண் பார்த்து வாங்குவதும் உங்கள் பணத்தையும் விளைபொருளையும் காக்கும்.