பெண்டாஸ் கரையில் படம் பழகுங்கள்

ஜொகூரின் கெலாங் பாத்தாவில் புகைப்படம் பழக எங்கே போகலாம் என்று கேட்டால், கம்போங் பெண்டாஸுக்குத்தான் அனுப்பி வைப்பேன். மீன்பிடிப் படகுகள், சதுப்புக்காடு, 1998இல் திறந்த மலேசிய-சிங்கப்பூர் இரண்டாவது இணைப்புப் பாலம், எதிர்க்கரையில் சிங்கப்பூரின் துவாஸ் என்று எல்லாமே கண்ணில் படும். சிக்கலும் அதுதான். அத்தனையையும் ஒரே படத்தில் திணித்தால் எதுவும் நிற்காது. எனவே கைப்பேசியை எடுக்குமுன் முடிவு செய்துகொள்ளுங்கள்: எடுக்கப்போவது பாலத்தையா, படகையா?

படகு என்றே வைத்துக்கொள்வோம். விடிவதற்கு முன்பே போய்விடுங்கள். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர் நம்முடையது. ஏழு மணியளவில் உதிக்கும் சூரியன் செங்குத்தாக ஏறிவிடும். பொன்வெயில் அரை மணி நேரம்கூடத் தங்காது. நிற்கும் இடத்தை இருட்டிலேயே தேர்ந்துவிட வேண்டும்.

கேமராவில் ‘கிரிட்’ கோடுகளைப் போடுங்கள். மேகம் அழகாக இருந்தால் அடிவானம் கீழ்க்கோட்டில். நீர் வற்றிச் சேறு மினுங்கினால் மேல்கோட்டில். படகை ஒரு பக்கக் கோட்டில் வைத்து, அதன் மூக்கு பார்க்கும் திசையில் இடம் விடுங்கள்.

இனி முட்டி போடுங்கள். நின்றபடி எடுத்தால் படகு சேற்றோடு ஒட்டிக்கொள்ளும். தாழ்ந்து எடுத்தால்தான் வானத்தில் எழும். முளையில் கட்டிய கயிறு ஒன்று இருக்கும். படத்தின் கீழ்மூலையில் அது தொடங்கும்படி நகர்ந்து பாருங்கள். பாசி படிந்த அந்தக் கயிறே கண்ணைப் படகுவரை இழுத்துப் போகும். விரலால் பெரிதாக்க வேண்டாம், இரண்டடி முன்னே போங்கள்.

பொத்தானை அழுத்துமுன் நான்கு ஓரங்களையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பாதி வெட்டுப்பட்ட கம்பம், மிதக்கும் பிளாஸ்டிக் புட்டி, பக்கத்து நண்பரின் முழங்கை எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

சூரியன் எதிரே இருந்தால் திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள், படகு கருநிழலாகும். வண்ணம் வேண்டுமானால் சூரியனுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். பலர் திரும்பிப் பார்ப்பதே இல்லை!

மீனவர் யாராவது சட்டகத்துக்குள் வந்தால், “பாங், போலே அம்பில் கம்பார்?” (அண்ணே, படம் எடுக்கலாமா?) என்று மலாயில் கேட்டுவிட்டு எடுங்கள்.

ஒன்பது மணிக்கு வெயில் தட்டையாகிவிடும். கடையில் உட்கார்ந்து, எடுத்ததில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள்.