கடல் சாமந்திக்கும் பவளத்துக்கும் நடுவே வரப்பு

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களிடையே இரண்டு நம்பிக்கைகள் நெடுநாளாக உலவுகின்றன. கடல் சாமந்தியும் பவளமும் ஒரே இனம், ஒரே நீரும் ஒரே வெளிச்சமும் போதும், பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் ஒன்றும் ஆகாது என்பது ஒன்று. சாமந்தியை உள்ளே விட்டால் பவளம் அத்தனையும் போய்விடும், இரண்டும் ஒரே தொட்டியில் ஆகவே ஆகாது என்பது மற்றொன்று. முதலாவதை நம்பிப் பணத்தையும் உயிர்களையும் இழந்தவர்கள்தான் பெரும்பாலும் இரண்டாவதைச் சொல்லித் திரிகிறார்கள். என் பார்வையில் இரண்டுமே தவறு. பவளம் ஒட்டிய இடத்திலேயே இருக்கும். சாமந்தி தனக்குப் பிடிக்காத இடத்தை விட்டு நகர்ந்து போகும். இந்த ஒரு வேறுபாட்டை முதலில் கணக்கில் கொண்டு தொட்டியை அமைத்தால் இரண்டையும் சேர்த்து வளர்க்கலாம். அதை மறந்துவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவிகளும் காப்பாற்றாது.

உறவு இருப்பது உண்மைதான். கல் பவளங்களும் கடல் சாமந்திகளும் ஆந்தோசோவா வகுப்பில் ஹெக்ஸாகோரலியா என்ற ஒரே பிரிவைச் சேர்ந்தவை. ஒரு பவளப் பாலிப்பை உருப்பெருக்கியில் பார்த்தால், சுண்ணாம்புக் கிண்ணத்துக்குள் அமர்ந்த சின்னஞ்சிறு சாமந்தி என்றே தோன்றும்: நடுவில் ஒரே வாய், சுற்றிலும் உணர்கொம்புகள், கொம்பெங்கும் கொட்டும் செல்கள். தொட்டிகளில் வளர்க்கும் பெரும்பாலான பவளங்களும், கோமாளி மீன் தங்கும் சாமந்திகளும் தம் திசுக்களுக்குள் நுண்பாசிகளை வைத்துக்கொண்டு, அவை வெளிச்சத்தில் சமைக்கும் உணவில் பெரும்பங்கைப் பெற்று வாழ்கின்றன. ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு, 25 அல்லது 26 டிகிரி வெப்பம், நல்ல வெளிச்சம், அளவான நீரோட்டம் என்று நீர்க்கணக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் தேவைகள் ஒன்றாக இருப்பதாலேயே மோதலும் வருகிறது. வெளிச்சம் விழும் அதே பாறை முகடு இரண்டுக்கும் வேண்டும். வரப்புத் தகராறு பங்காளிகளுக்குள்தான் வரும். ஊருக்கு வெளியே இருப்பவனோடு வராது.

இதற்குக் கடலிலேயே சான்று உண்டு. கலிபோர்னியா கரையில் அலையடிக்கும் பாறைகளில் வாழும் ஆந்தோப்ளூரா எலிகன்டிசிமா என்ற சாமந்தியை லிஸ்பெத் பிரான்சிஸ் ஆராய்ந்து 1973ல் எழுதினார். ஒரே தாயிலிருந்து பிளந்து பெருகிய கூட்டம் இடைவெளியே இல்லாமல் நெருங்கி உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் வேறொரு தாய் வழிக் கூட்டம் இருந்தால், நடுவே ஒரு பட்டை வெறும் பாறையாகக் கிடக்கும். அந்த எல்லையில் இருக்கும் சாமந்தி, அந்நியனைத் தொட்டதும் கொம்புகளுக்குக் கீழே இருக்கும் வெளிறிய குமிழ்களை ஊதிப் பெருக்கி, உடலை வளைத்து எதிரியின் மேல் அழுத்துகிறது. குமிழின் தோல் கொட்டும் செல்களோடு உரிந்து எதிரியின் உடலில் ஒட்டிக்கொள்ள, ஒட்டிய இடத்தின் திசு அழுகுகிறது. ஒரே இனத்துக்குள்ளேயே இப்படி என்றால், உறவுமுறையைச் சொல்லி வேறு இனத்தைப் பக்கத்தில் வைப்பது எந்த நியாயம்? பவளங்களும் சாதுக்கள் அல்ல. ஜமைக்காவின் பாறைகளில் ஜூடித் லாங் 1970களின் தொடக்கத்தில் செய்த ஆய்வுகள், சில பவளங்கள் தம் செரிமான இழைகளை உடலுக்கு வெளியே நீட்டி, அடுத்திருக்கும் பவளத்தின் சதையை அது இருக்கும் இடத்திலேயே கரைத்து உண்பதைக் காட்டின. தொட்டிகளில் பிரபலமான கேலக்ஸியா பவளம் இரவில் ஒரு சாண் நீளத்துக்குக்கூடத் துழாவும் கொம்புகளை நீட்டும். அது பட்டு வதங்கிய சாமந்திகளும் உண்டு. தொட்டியில் அடாவடி செய்வது சாமந்தி மட்டுமே என்ற எண்ணத்தையும் இதோடு விட்டுவிடலாம்.

'சாமந்தியின் விஷம் நீரில் கலந்து தொட்டி முழுவதும் பரவும்' என்று சொல்பவர்களுக்கு ஒரு பதில். சாமந்தியின் கொட்டும் செல் தொடுதலால் வெடிப்பது. எட்டாத தூரத்தில் இருக்கும் அக்ரோபோரா பவளத்தை அது கொட்டிக் கொல்ல முடியாது. நீர் வழியாக ரசாயனப் போர் நடத்துவதில் கைதேர்ந்தவை மென்பவளங்கள். சைனுலேரியா, சார்கோஃபைட்டன் போன்றவை வெளியிடும் டெர்பீன் சேர்மங்கள் அருகிலுள்ள கல் பவளங்களின் வளர்ச்சியைக் குலைக்கும் என்று கிரேட் பேரியர் ரீஃபில் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. தொட்டியில் கரித்தூள் போட்டு நீரை வடிகட்டச் சொல்வது இதற்காகத்தான். சாமந்தியால் தொட்டி முழுவதும் கெடும் சூழ்நிலை ஒன்று உண்டு என்பதை மறைக்கக் கூடாது: அது செத்துப்போனால். உடலில் பெரும்பகுதி நீரும் மெல்லிய சதையும் என்பதால் ஒரே இரவில் அழுகிக் கரைந்துவிடும், அம்மோனியா ஏறும், மீன்களும் பவளங்களும் அடுத்தடுத்துச் சாகும். இப்படி நடந்த வீடுகளில் மிஞ்சும் நினைவுதான் 'விஷம் கக்கியது' என்ற கதையாகிறது.

பெரும்பாலும் அது எப்படிச் சாகிறது என்று பார்த்தால் மறுபடி அந்த நகர்வுக்கே வந்து சேர்வோம். அடிப்பாதத்தால் பாறையைப் பற்றியிருக்கும் சாமந்தி, வெளிச்சம் குறைந்தாலோ கூடினாலோ, நீரோட்டம் பிடிக்காவிட்டாலோ, பாதத்தை ஒளிக்க இடுக்கு கிடைக்காவிட்டாலோ பற்றை விட்டு ஊர்ந்து கிளம்பும். போகும் வழியில் இருக்கும் பவளங்களை ஒவ்வொன்றாகக் கொட்டும். சில சமயம் முழுவதுமாகப் பிடியை விட்டு நீரோட்டத்தோடு மிதந்து, அலை உண்டாக்கும் பம்பின் வாயில் சிக்கிக் கூழாகிவிடும். வாங்கி வந்தவர் அழகு பார்த்து வைத்த இடத்தில் அது இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் பப்பிள் டிப் சாமந்தி பாறை இடுக்கில் பாதத்தைச் செருகிக்கொள்ள விரும்பும். ஹாடோனி என்ற கார்பெட் சாமந்தி மணலில் புதைந்திருப்பது. பாறையின் மேல் வைத்தால் நிற்காது. ஹெடராக்டிஸ் மேக்னிஃபிகா, நல்ல நீரோட்டம் உள்ள உயரமான பாறை நுனியைத் தேடிப் போகும். அதாவது, விலை உயர்ந்த அக்ரோபோராக்களை நாம் வைக்கிற அதே உச்சியைத் தேடிப் போகும்.

'கடலில் இவை பக்கத்தில் பக்கத்தில் வாழவில்லையா?' என்ற கேள்வி நியாயமானது. கடலுக்கடியில் எடுத்த படங்களில் சாமந்தியைச் சுற்றிப் பவளங்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அந்தப் படத்தில் இருப்பவை போராட்டம் முடிந்த பிறகு மிஞ்சியவை. தோற்றவை அங்கே இல்லை. கூர்ந்து பார்த்தால், சாமந்தியின் கொம்பு எட்டும் வட்டத்துக்குள் பெரும்பாலும் வெறும் பாறையோ மணலோ கொட்டு தாங்கும் உயிர்களோதான் தென்படும். கடலில் இடம் பிடிக்காத சாமந்தி போக எத்தனையோ இடம் உண்டு. வீட்டில் அதற்கு நான்கு கண்ணாடிச் சுவர். நடுவே நாம் நெருக்கி அடுக்கிய பவளங்கள்.

எனவே நான் சொல்வது வரிசையை மாற்றுவது பற்றி. பவளங்களால் தொட்டியை நிரப்பிவிட்டுக் கடைசி அலங்காரமாகச் சாமந்தியை வாங்குவது இன்றைய பழக்கம். சாமந்தி வேண்டும் என்றால் அதற்கான இடத்தைத்தான் முதலில் ஒதுக்க வேண்டும். மற்ற பாறைகளிலிருந்து பிரிந்த தனிப் பாறை ஒன்று, அதில் ஆழமான இடுக்கு, அதைச் சுற்றிலும் வெறும் மணல். பப்பிள் டிப் முழுவதும் விரிந்தால் 30 சென்டிமீட்டர் அகலம் வரும் என்று வைத்துக்கொண்டு, அதற்கு அப்பாலும் கொஞ்சம் இடைவெளி. வெறும் மணலைக் கடந்து போக அது பொதுவாகத் தயங்கும். கடக்கவே கடக்காது என்று உறுதி கொடுக்க முடியாது, ஆகவே எல்லாப் பம்புகளுக்கும் வலையோ ஸ்பாஞ்சோ போட்டு மூடியாக வேண்டும். 'புதுத் தொட்டியில் சாமந்தியை விடக் கூடாது, ஆறு மாதமாவது நீர் பக்குவப்பட வேண்டும் என்கிறார்களே, அதை எப்படி முதலில் விடுவது?' என்று கேட்கலாம். அந்த எச்சரிக்கை சரியானது. நான் அதை மறுக்கவில்லை. முதலில் வர வேண்டியது இடம். அந்த ஆறு மாதமும் பாறையைக் காலியாக விட்டுவிட்டு, தொட்டியின் மறுகோடியில் ஓரிரு தாக்குப்பிடிக்கும் பவளங்களை வளர்க்கலாம். சாமந்தி வந்து, ஓரிடத்தில் நிலைத்து, சில மாதங்கள் அசையாமல் இருந்த பிறகு மற்ற பவளங்களை வாங்கலாம். அப்போதும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: பவளம் வளரும். வளர்ந்து நிழல் விழுந்தாலோ நீரோட்டத்தின் திசை மாறினாலோ, இரண்டு வருடம் ஒரே இடத்தில் இருந்த சாமந்தியும் கிளம்பிவிடும். பவளத்தை வெட்டி ஒதுக்குவதும் சாமந்தியைப் பராமரிக்கும் வேலைதான்.

கோமாளி மீனைப் பற்றிய நம்பிக்கைதான் பலரைச் சாமந்தி வாங்க வைக்கிறது. சாமந்தி இல்லாமல் கோமாளி மீன் வாடிவிடும் என்கிறார்கள். கடலில் அது உண்மை. அடைக்கலம் இல்லாத கோமாளி மீனை வேறு மீன் தின்றுவிடும். தின்ன வரும் மீன் இல்லாத தொட்டியில் அதற்கு அந்தத் தேவை இல்லை. ஓட்டிலும் மண்சட்டியிலும் முட்டையிட்டுப் பெருகி, தலைமுறை தலைமுறையாகப் பண்ணைகளில் சாமந்தியைப் பார்க்காமலே வாழ்கின்றன. டாஃப்னி ஃபாட்டினும் ஜெரால்ட் ஆலனும் 1992ல் வெளியிட்ட கையேட்டின்படி, உலகில் உள்ள ஆயிரத்துக்கு நெருக்கமான சாமந்தி வகைகளில் 10 மட்டுமே கோமாளி மீன்களுக்கு இடம் தருகின்றன. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டையோடு எல்லோரும் விரும்பி வாங்கும் ஒசெல்லாரிஸ், கடலில் பப்பிள் டிப்பில் வாழ்வதே இல்லை. தொட்டியில் வேறு கிடைக்காமல் பல சமயம் அதை ஏற்றுக்கொள்கிறது, சில சமயம் திரும்பியும் பார்ப்பதில்லை. சாமந்திக்கு மீனால் பயன் இல்லாமல் இல்லை: மீனின் கழிவு நுண்பாசிக்கு உரமாகிறது, அதன் அசைவு நீரைப் புதுப்பிக்கிறது. ஆனால் மீனுக்காக என்று சொல்லிச் சாமந்தியை வாங்குபவர், மீனுக்குத் தேவையில்லாத ஒன்றுக்காகப் பவளங்களைப் பணயம் வைக்கிறார்.

இன்னொரு நம்பிக்கை: சாமந்தி பிளந்து இரண்டானால் நலமாக இருக்கிறது என்று பொருள். நன்றாகத் தின்று பெருத்த பப்பிள் டிப் பிளக்கும். நீர் கெட்டுத் தவிப்பதும் பிளக்கும். வாய் இறுக மூடியிருக்கிறதா, கொம்பு தொட்டால் ஒட்டுகிறதா, பாதம் கெட்டியாகப் பற்றியிருக்கிறதா என்பவைதான் நம்பத்தகுந்த அடையாளங்கள். அவ்வப்போது சுருங்கிப் பழைய நீரை வெளியே தள்ளுவது இயல்பு. வாய் பிளந்து, உள்சதை வெளியே தொங்கி, நாற்றம் வந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். பிளப்பதைக் கொண்டாடுகிறவர்கள் கணக்கிட மறப்பது, ஒவ்வொரு துண்டும் தனியாக நகரும் ஒரு சாமந்தி என்பதை. பவளங்கள் நிறைந்த தொட்டியில் கூடுதலாக வந்ததை இன்னொரு தொட்டிக்கு மாற்றுவதே நல்லது. வெள்ளை வெளேரென்று இருப்பதை 'அரிய நிறம்' என்று விற்பார்கள். அது நுண்பாசியை இழந்து வெளுத்த நோயாளி. பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் இருப்பது பல சமயம் சாயம் ஏற்றியது.

இந்த விஷயத்தில் எனக்குள்ள அக்கறை தொட்டியோடு முடிவதில்லை. ஸ்காட்லாந்தில் ஜான் கிரஹாம் டாலியெல் 1828ல் கடலிலிருந்து எடுத்து வந்த சிவப்புச் சாமந்தி ஒன்று, எடின்பரோவில் கண்ணாடிப் பாத்திரத்தில் 1887 வரை வாழ்ந்தது. அது குளிர்கடல் வகை. ஆனால் பெரிய வெப்பக்கடல் சாமந்திகளும் பல பத்தாண்டுகள் வாழக்கூடியவை என்றே அறிஞர்கள் கருதுகிறார்கள். இப்படி மெதுவாக முதிரும் உயிரைப் பறித்தால் கடல் விரைவில் ஈடுசெய்யாது. பிலிப்பைன்ஸின் செபுவில், தொட்டி வணிகத்துக்காகப் பிடிக்கும் இடங்களில் சாமந்திகளும் கோமாளி மீன்களும் குறைந்திருப்பதை 2005ல் வெளியான ஆய்வு காட்டியது. இந்தியாவில் இருப்பவர்களுக்கு மேலும் ஒன்று: கல் பவளங்கள் அனைத்தும் 2001ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவிலிருந்தோ அந்தமானிலிருந்தோ பெயர்த்த பவளத்தை யாராவது விற்றால், அது குற்றம், வாங்குவதும் குற்றம்.

சட்டப்படி வளர்க்க முடிகிற இடத்தில் இருப்பவர்கள், இன்னொருவர் தொட்டியில் பிளந்து வளர்ந்த பப்பிள் டிப்பைக் கேட்டு வாங்குங்கள். அது தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது. கடலிலிருந்து எதையும் குறைக்காதது. உங்கள் தொட்டி ஏற்கெனவே அக்ரோபோராவால் நிறைந்திருந்தால் சாமந்தி வாங்க வேண்டாம். ஆசை விடவில்லை என்றால் அதற்கென்று தனியாக ஒரு தொட்டி வையுங்கள்.