சரக்கு இருக்கிறது, லோடு எங்கே?
லாரி வாங்கும் முன் தெரிந்துகொள்ள ஒரு பாடம்

"சரக்கு குறையவில்லை, ஆனால் லோடுதான் கிடைக்கவில்லை" என்று லாரித் தொழிலில் இருக்கும் நம் சகோதரர்கள் சொல்வதுண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். கம்பெனிகள் சரக்கை எங்கே இருப்பு வைக்கின்றன, எத்தனை நாளுக்கு ஒருமுறை அனுப்புகின்றன என்பதைப் பொறுத்தே லாரிக்கு வேலை அமைகிறது.

டன்னும் தூரமும்

போக்குவரத்துத் தேவையை எடையை மட்டும் வைத்து அளப்பதில்லை. எடையைத் தூரத்தால் பெருக்குவார்கள். 10 டன் சரக்கு 100 கி.மீ. போனால் 1,000 டன்-கிலோமீட்டர். அதே சரக்கு 400 கி.மீ. போனால் 4,000. ஆலையில் உற்பத்தி மாறாவிட்டாலும், கிடங்கு இடம் மாறினால் லாரியின் வேலை மாறிவிடும்.

ஜி.எஸ்.டி.க்குப் பின்

2017 ஜூலை 1க்கு முன், வெளிமாநிலத்துக்கு நேரடியாக விற்றால் பொதுவாக 2 சதவீத மத்திய விற்பனை வரி உண்டு. அங்குள்ள சொந்த டெப்போவுக்கு அனுப்பினால் அந்த வரி கிடையாது. அதனால் கம்பெனிகள் மாநிலத்துக்கு ஒரு டெப்போ வைத்திருந்தன. ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தக் காரணம் போய்விட்டது. பல கம்பெனிகள் சிறு டெப்போக்களை மூடி, சில மாநிலங்களுக்குப் பொதுவாகப் பெரிய கிடங்கு அமைத்தன. ஆலையிலிருந்து கிடங்குக்குப் பெரிய லாரி, அங்கிருந்து ஊர்களுக்குச் சிறிய வண்டி என்ற முறை வலுத்தது.

மாநில எல்லையில் வணிகவரிச் சோதனைக்காகக் காத்திருப்பதும் குறைந்தது. 2018 ஜூலையில் மூன்று அச்சு லாரிக்கு அனுமதித்த மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்ந்தது. இவை லாரிக்காரருக்கு நல்லவைதாம். ஆனால் ஒவ்வொரு லாரியும் கூடுதல் நடையும் கூடுதல் எடையும் எடுத்தால், அதே சரக்குக்குக் குறைந்த லாரிகளே போதும்.

சிறிது சிறிதாக, அடிக்கடி

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிக் கார் ஆலைகள் உதிரிபாகங்களைக் குவித்து வைப்பதில்லை. தேவைப்படும் நேரத்துக்கு வரவழைக்கின்றன. இருப்பில் பணம் முடங்காது. ஆனால் வண்டி தாமதித்தால் உற்பத்தியே நிற்கக்கூடும். அதனால் வாடகை குறைவு என்பதைவிட நேரம் தவறாமைக்கே அங்கே மதிப்பு. மொத்த எடை கூடாமலே நடைகள் கூடுகின்றன. சிறிய வண்டிக்கு வேலை வருகிறது.

வாங்கும் முன் விசாரியுங்கள்

1. லோடு தரும் கம்பெனியின் கிடங்கு எங்கே உள்ளது? அதை மாற்றும் திட்டம் உண்டா?
2. ஒரு தடவைக்கு எத்தனை டன்? வாரத்துக்கு எத்தனை நடை?
3. ரிட்டர்ன் லோடு கிடைக்குமா? காலியாகத் திரும்பினாலும் டீசலும் சுங்கமும் நம் செலவே.
4. ஒப்பந்தம் எழுத்தில் உண்டா? வாடகைப் பணம் எத்தனை நாளில் வரும்?

லோடு வந்தாலும் வராவிட்டாலும் தவணை தேதி வந்துவிடும். வீட்டு நகையை அடகு வைத்து முன்பணம் கட்டுவதற்கு முன், இந்த நான்குக்கும் பதில் வாங்கிவிடுங்கள். அதன் பிறகு எந்த அளவு வண்டி என்று முடிவு செய்யுங்கள்.