இரவு ஷிப்டு முடித்துக் கொடுத்த ரத்தம்

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு வயது 27. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். இரண்டு வருடமாகப் பெரும்பாலும் இரவு ஷிப்டுதான். உயரம் 5 அடி 7 அங்குலம், எடை 92 கிலோ. ஆறேழு மாதமாக எதிலும் பிடிப்பில்லை. எப்போதும் அசதி. ஜிம்மில் முன்பு தூக்கிய எடையை இப்போது தூக்க முடியவில்லை. ஆசையும் குறைந்துவிட்டது போலத் தோன்றுகிறது. போன மாதம் டெங்கு வந்து எழுந்தேன். ஜிம் மாஸ்டர் டெஸ்டோஸ்டிரோன் பார்க்கச் சொன்னார். ஷிப்டு முடிந்து வரும் வழியில், டிபன் சாப்பிட்டுவிட்டு, காலை 9 மணிக்கு லேபில் ரத்தம் கொடுத்தேன். 238 என்று வந்தது. பக்கத்தில் ‘குறைவு’ என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும், தானே வாங்கித் தருகிறேன் என்கிறார் மாஸ்டர். எனக்கு நிச்சயம் ஆகிவிட்டது, தை மாதம் கல்யாணம். பள்ளிக்கூட வயதிலிருந்தே கைப்பழக்கம் உண்டு, அதனால் வந்த வினையா? குழந்தை பிறக்குமா? ஊசி போட்டுக்கொள்ளட்டுமா, இல்லை கல்யாணத்தை நிறுத்தச் சொல்லிவிடட்டுமா? யாரிடமும் வாய் திறந்து கேட்க முடியவில்லை.
– ச. வெ., ஓசூர்

பதில்: அன்புள்ள தம்பி, கல்யாணத்தை நிறுத்தும்படியான எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. அந்த ஊசியை மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே ஒன்று போட்டிருந்தால், அடுத்ததற்குப் போகாமல் நேராக ஒரு மருத்துவரிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள். திட்ட மாட்டார்கள். திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.

238 என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு உங்களுக்கு ஆண் ஹார்மோன் குறைபாடு என்று பொறுப்புள்ள எந்த மருத்துவரும் எழுதித் தர மாட்டார். அதற்கான காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ரத்தம் கொடுத்த நேரத்தையும் டிபனையும் டெங்குவையும் மறைக்காமல் குறிப்பிட்டீர்களே, அதுதான் எனக்குப் பெரிய உதவி.

டெஸ்டோஸ்டிரோன் (விரைகளில் சுரக்கும் ஆண் ஹார்மோன்) நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. நாம் தூங்கத் தொடங்கியதும் ஏற ஆரம்பிக்கும், விழிக்கிற நேரத்தில் உச்சத்தில் நிற்கும், பிறகு பொழுது போகப் போக இறங்கும். இளைஞர்களிடம் இந்த ஏற்ற இறக்கம் அதிகம். அதனால்தான் காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள், வெறும் வயிற்றில் எடுக்கச் சொல்கிறோம். நீங்களும் 9 மணிக்குத்தான் கொடுத்தீர்கள். லேப்காரருக்கு அது காலை. இரவெல்லாம் மெஷின் முன்னால் நின்ற உங்கள் உடம்புக்கோ அது நாளின் கடைசி. பகலில் வேலை செய்கிற ஒருவரை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார வைத்து ரத்தம் எடுத்தால் எவ்வளவு வருமோ, அதைத்தான் உங்களிடம் எடுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் டிபன் வேறு. சர்க்கரைச் சத்து உள்ளே போனதும் இந்த ஹார்மோன் கால் பங்கு வரைகூட இறங்கும். அதற்கும் மேல் டெங்கு. கடும் காய்ச்சல் வந்தால் உடம்பு இந்தச் சுரப்பைத் தற்காலிகமாகக் குறைத்துக்கொள்ளும், குணமான பிறகும் பழைய நிலைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். இவ்வளவும் சேர்ந்த ஒரு நாளில் 238 வந்திருக்கிறது.

தூக்கத்தின் பங்கு எவ்வளவு என்று சந்தேகம் வரலாம். 2011-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 10 இளைஞர்களை ஒரு வாரம் தினம் 5 மணி நேரம் மட்டும் தூங்க வைத்துப் பார்த்தார்கள். அந்த ஒரே வாரத்தில் அவர்களுடைய பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. நீங்கள் இரண்டு வருடமாகப் பகலில், வெளிச்சத்திலும் சத்தத்திலும், விட்டு விட்டுத் தூங்குகிறீர்கள். அசதி, எதிலும் பிடிப்பின்மை, ஜிம்மில் தளர்ச்சி எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதுமான காரணமாக இருக்கலாம்.

அடுத்தது எடை. 92 கிலோ உங்கள் உயரத்துக்கு மிக அதிகம். கொழுப்புத் திசு இந்த ஹார்மோனில் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக (பெண் ஹார்மோன்) மாற்றிவிடும். இன்னொரு விஷயமும் உண்டு, இது ரிப்போர்ட்டில் தெரியாது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனின் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டுதான் ஓடுகிறது. அவற்றில் முக்கியமானது எஸ்.எச்.பி.ஜி. (பாலின ஹார்மோன்களைச் சுமக்கும் புரதம்). பருமனாக இருப்பவர்களுக்கு இந்தப் புரதம் குறைந்துவிடும். அதனால் மொத்த அளவு குறைவாகத் தெரியும், ஆனால் ஒட்டாமல் தனியாக ஓடுகிற பகுதி, அதாவது உடம்புக்கு உண்மையில் பயன்படுகிற பகுதி, போதுமான அளவில் இருக்கலாம். குறட்டை உண்டா என்று அறை நண்பர்களிடம் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாகச் சொன்னால் அதற்கே தனியாகச் சிகிச்சை வேண்டியிருக்கும்.

ரிப்போர்ட்டில் அச்சிட்டிருக்கும் ‘இயல்பு எல்லை’யைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பருமனில்லாத 19 முதல் 39 வயது வரையுள்ள அமெரிக்க, ஐரோப்பிய ஆண்களை வைத்து 2017-இல் வெளியான அளவு ஒன்று உண்டு: ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 264 முதல் 916 நானோகிராம் வரை. எவ்வளவு அகலமான எல்லை பாருங்கள். 900 உள்ளவர் 300 உள்ளவரைவிட மூன்று மடங்கு ஆண் என்று யாரும் சொல்ல முடியாது. எண்ணோடு அறிகுறியும் சேர்ந்து வர வேண்டும். அசதியும் சோர்வும் நூறு காரணத்தால் வரும். ஆசை அடியோடு போவது, விடியற்காலையில் தானாக வரும் விறைப்பு நின்றுபோவது, தாடி மீசை வளர்ச்சி குறைந்து முன்புபோல் அடிக்கடி சவரம் செய்யத் தேவையில்லாமல் போவது, மார்பு வீங்குவது, இவைதான் எங்களை நிமிர்ந்து உட்கார வைக்கும் அறிகுறிகள். விடுமுறையில் ஊருக்குப் போய் நிம்மதியாகத் தூங்கி எழும் நாட்களில் காலை விறைப்பு வருகிறதா என்று கவனியுங்கள். வருகிறது என்றால் பாதிக் கவலையை அங்கேயே இறக்கி வைத்துவிடலாம்.

சரி, என்ன செய்வது? காய்ச்சல் விட்டு இரண்டு மாதமாவது போகட்டும். பகல் ஷிப்டு கிடைக்கும் ஒரு வாரத்தையோ ஒரு வாரம் விடுப்பையோ பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு இரவு, ஏழு மணி நேரமாவது, இரவில் தூங்கிய பிறகு, எழுந்து தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு 8 மணிக்கு லேபுக்குப் போங்கள். முடி வளர்வதற்கு என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சில கருவிகளில் அது ஹார்மோன் அளவைத் தவறாகக் காட்டும், இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். அளவு குறைவாக வந்தால் சில வாரம் விட்டு, அதே லேபில், அதே மாதிரி இன்னொரு முறை. இரண்டு முறையும் குறைவாக இருந்தால்தான் மேற்கொண்டு தேட வேண்டும். தைராய்டு, ஹீமோகுளோபின், மூன்று மாதச் சர்க்கரை அளவு மூன்றையும் முதல் முறையே பார்த்துவிடுங்கள். ஆண் ஹார்மோன் குறைவு என்று நினைத்துக்கொண்டு வருகிற இளைஞர்களில் பலருக்குக் கடைசியில் சிக்குவது இவற்றில் ஒன்று, அல்லது மனச்சோர்வு. மனச்சோர்வும் ஆசையைக் கெடுக்கும். அதற்குத் தருகிற சில மாத்திரைகளும் கெடுக்கும். எதையாவது சாப்பிட்டு வந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

இரண்டாம் முறையும் குறைந்தால் எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின் மூன்றும் பார்ப்பார்கள். முதல் இரண்டும் பிட்யூட்டரி (மூளையின் அடியில் பட்டாணி அளவில் உள்ள சுரப்பி) விரைகளுக்கு அனுப்பும் கட்டளைகள். கட்டளை உரக்க வந்தும் சுரப்பு இல்லை என்றால் கோளாறு விரையில்: புட்டாளம்மையோடு வந்த விரை வீக்கம், இறங்காத விரை, பிறவியிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக அமைந்த கிளைன்ஃபெல்டர் நிலை போன்றவை. கட்டளையே வரவில்லை என்றால் கோளாறு மேலே. மருத்துவர் உங்களைப் படுக்க வைத்து விரைகளைத் தொட்டுப் பார்ப்பார். ஹார்மோன் மருத்துவர்களிடம் ஒரு மணிமாலை இருக்கும், பன்னிரண்டு நீள்வட்ட மணிகள், 1 மில்லிலிட்டரில் தொடங்கி 25 வரை வரிசையாகக் கோத்தது. ஒரு கையில் விரையையும் மறு கையில் மணியையும் பிடித்து ஒப்பிடுவார். வளர்ந்த ஆணுக்குப் பெரும்பாலும் 15-க்கு மேற்பட்ட மணிகளோடு பொருந்தும். ஒரு நிமிட வேலை, வலிக்காது. கூச்சத்தால் இதற்கு மறுத்துவிடாதீர்கள். பல ஆயிரம் ரூபாய் டெஸ்ட் சொல்லாததை இந்த மணிமாலை சொல்லிவிடும்.

ஊசிக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் நிரம்பினால் மோட்டார் தானாக நிற்கும்படி அமைத்திருப்பார்கள் அல்லவா? லாரித் தண்ணீரை வாங்கி அந்தத் தொட்டியை நிரப்பிவிட்டால், கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் மோட்டார் ஓடாது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் பிட்யூட்டரியும் அப்படித்தான் கட்டளையை நிறுத்திவிடும். விரைகள் வேலையில்லாமல் சுருங்கும். விந்தணு உருவாக, ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் விரைக்குள்ளேயே இருக்க வேண்டும். அது வற்றியதும் விந்தணு உற்பத்தியும் படுத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் இதே ஊசியை வாரம் 200 மில்லிகிராம் வீதம் ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதித்து 1990-இல் முடிவை வெளியிட்டது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணுவே இல்லாமல் போனது. குழந்தை பிறக்குமா என்று பயந்து எழுதுகிற உங்களுக்குக் கருத்தடை ஊசியைத்தான் மாஸ்டர் வாங்கித் தரப் பார்க்கிறார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. நிறுத்தினால் பெரும்பாலோருக்கு விந்தணு திரும்ப வரும். ஆனால் ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். தையில் கல்யாணம், ஆவணியில் ‘விசேஷம் உண்டா’ என்று ஊரே கேட்கத் தொடங்கும். அந்த நெருக்கடிக்குள் நீங்களாகப் போய் விழ வேண்டாம். போதாததற்கு ரத்தம் தடித்துப்போவது, முகப்பரு, மார்பு வீக்கம் என்று உபரித் தொல்லைகளும் உண்டு. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கவே கூடாத மருந்து இது. ஒருவேளை உங்களுக்கு உண்மையாகவே குறைபாடு என்று முடிவானாலும், குழந்தை வேண்டும் என்கிற இளைஞருக்கு விரையையே சுரக்கத் தூண்டுகிற வேறு மருந்துகள் இருக்கின்றன. அதை ஹார்மோன் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கைப்பழக்கம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கும் இதற்கும் எள்ளளவும் தொடர்பில்லை. விந்து போனால் ரத்தம் போச்சு, பலம் போச்சு என்கிற பயம் நம் நாட்டு இளைஞர்களை எவ்வளவு வாட்டுகிறது என்பதைக் கண்டு, மனநல மருத்துவர் என்.என். விக் 1960-இல் அந்தப் பயத்துக்கே ‘தாத் நோய்த்தொகுப்பு’ என்று பெயர் வைத்தார். நோய் அந்தப் பயத்தில்தான் இருக்கிறது. ஆண்மையைக் கூட்டுவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருடச் சட்டமே தடை செய்திருக்கிறது. இருந்தும் பஸ் ஸ்டாண்டு சுவரிலும் இப்போது செல்போனிலும் அந்த விளம்பரங்கள் நிற்கவில்லை. ‘இளமையில் செய்த தவறு’ என்று தொடங்குகிற எந்த நோட்டீஸையும் படிக்காதீர்கள் தம்பி. உங்களைப் போன்ற பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுத்துத்தான் அவர்கள் பணம் பார்க்கிறார்கள். எனக்கு அதில் தீராத கோபம் உண்டு.

தைக்குள் செய்யக்கூடியது இது. சூப்பர்வைசரிடம் பேசி இரவு ஷிப்டைக் குறைக்கப் பாருங்கள். முடியாவிட்டால் பகல் தூக்கத்துக்கு ஜன்னலைத் துணியால் மறைத்து, போனை வேறு அறையில் வைத்து, ஒரே நேரத்தில் தினமும் படுங்கள். எடையில் எட்டு ஒன்பது கிலோ இறக்குங்கள், ஷிப்டு நடுவில் கேன்டீனில் எடுக்கும் இரண்டாவது பரோட்டாவிலிருந்து தொடங்கலாம். ஜிம்மை விட வேண்டாம், பவுடர், மாத்திரை, ‘பூஸ்டர்’ மட்டும் வேண்டாம். குழந்தை பற்றிய பயம் இதற்குப் பிறகும் போகவில்லை என்றால் ஒரு விந்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அதற்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் விந்து வெளியேற்றாமல் இருந்துவிட்டு. ஆனால் டெங்குவுக்குப் பிறகு மூன்று மாதம் கழித்துத்தான். ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும், காய்ச்சல் காலத்தில் உருவானதைப் பார்த்துப் புதிதாக ஒரு பயத்தைத் தேடிக்கொள்ள வேண்டாம்.

பெண் வீட்டாரிடம் எதையும் மறைப்பதாக நினைக்காதீர்கள். மறைக்க இன்னும் ஒன்றும் இல்லை. இரண்டாம் பரிசோதனையிலும் குறைவு என்று உறுதியானால், அப்போது அந்தப் பெண்ணிடம் நீங்களே சொல்லலாம், மருத்துவர் சொன்னதைக் கையில் வைத்துக்கொண்டு.

விடாத தலைவலி, பக்கவாட்டுப் பார்வை மங்குதல், மார்க்காம்பில் பால் போலக் கசிவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் மேலே சொன்ன எதற்கும் காத்திருக்காதீர்கள். பிட்யூட்டரியில் கட்டி இருந்தால் அப்படி வரும். புரோலாக்டினைச் சுரக்கும் கட்டி என்றால் பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கிவிடும், ஆனால் சீக்கிரம் பார்க்க வேண்டும். மற்றபடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவுக்கு ஓ.பி. சீட்டு போட்டால் போதும், தேவைப்பட்டால் அவர்களே நாளமில்லாச் சுரப்பியியல் (ஹார்மோன் நோய்) பிரிவுக்கு அனுப்புவார்கள். வேலூர் சி.எம்.சி.யிலும் அந்தத் துறை இருக்கிறது. போகும்போது இந்த 238 ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். அதன் ஓரத்தில் ‘இரவு ஷிப்டு முடிந்து, டிபனுக்குப் பின், டெங்குவுக்கு அடுத்த மாதம்’ என்று உங்கள் கையாலேயே எழுதி வையுங்கள்.