பரிசில் கற்பியாதொழிவது எங்ஙனம்?

லப்பைக்குடிக்காட்டிலே வெள்ளாற்றங்கரையை அடுத்து எம் பாட்டனார் மூன்று வெள்ளாடுகள் வளர்த்து வருகின்றார். தொண்டை நோயினால் அவர் இப்பொழுது உரக்கக் கூவ இயலாதவர். ஆதலின் சென்ற கோடை விடுமுறையில், மாலை மணியொலி கேட்டவுடன் ஆடுகள் மனை திரும்பப் பழக்குமாறு என்னைப் பணித்தார்.

யான் செய்த பிழையைக் கூறுவேன். முதலிற் குரலெடுத்தழைத்து, வந்த ஆட்டிற்கு ஒரு பிடி மக்காச்சோளம் அளித்தேன். பத்து நாளில் அவை நன்கு பழகின. பின்னர்க் குரலோடு மணியையுஞ் சேர்த்தொலித்து, முன்போலவே சோளம் ஈந்துவந்தேன். இரு கிழமை சென்றபின் மணியை மட்டும் அடித்தேன். ஓர் ஆடேனும் தலை நிமிரவில்லை! “வயிறு நிரம்பிவிட்டதப்பா” என்றார் பாட்டனார். பசித்திருக்கும் வேளையிற் பார்த்தும் பயனில்லை. குரல் கேட்டதும் ஓடிவந்து ஆவலோடு தின்றன.

ஆகவே குறை சோளத்தின் சுவையிலன்று. தெவிட்டுதல் வேறு, எதிர்பார்க்கப்படுதல் வேறு. தெவிட்டிய உணவு பசி மீண்டபின் மறுபடியும் விரும்பப்படும். எதிர்பார்த்த பரிசிலோ எந்நாளும் விரும்பப்படும். ஆனால் புதிதாக ஒன்றுங் கற்பியாது. குரல் கேட்டபோதே சோளம் உண்டென ஆடு அறிந்துகொண்டமையின், மணி அதற்குச் சொல்ல ஒரு செய்தியும் எஞ்சவில்லை. இவ்வகைத் தடையை லியோன் காமின் என்பார் எலிகளிடத்தே மின்னதிர்ச்சி கொண்டு கண்டு 1969இல் விரித்துரைத்தார். பெற்றதற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வேறுபாட்டளவே கற்றல் நிகழும் என 1972இல் ரெஸ்கோர்லா, வாக்னர் இருவரும் கணக்கிட்டுக் காட்டினர்.

விலங்கியல் பயிலும் விடுதித் தோழர் ஒருவர் இவற்றை எனக்கு விளக்கினார். அவர் கூறியவற்றுள் என்னைப் பெரிதும் வியப்பித்தது வுல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் குழுவினர் குரங்கின் மூளையிற் கண்டதே. பழச்சாறு எதிர்பாராது கிட்டியபோது டோபமின் நரம்பணுக்கள் கிளர்ந்தன. ஓர் அடையாளத்தின்பின் சாறு வருமெனப் பழகியதும், அக்கிளர்ச்சி அடையாளத்திற்கே பெயர்ந்தது. சாறு நாவில் விழுங்கால் அணுக்கள் வாளா இருந்தன. வரவேண்டிய சாறு வாராதொழியின் இயல்பினுந் தாழ்ந்தன. சுவையை அளக்கும் கருவியன்று அது, வியப்பை அளப்பது.

இதனை அறிந்தபின், குரலோடு மணியும் ஒலித்த நாட்களில் மட்டும் சோளத்தின்மேற் கடலைப் பிண்ணாக்குஞ் சேர்த்து வைத்தேன். எதிர்பாராத மிகுதி! கல்லூரி திறப்பதற்கு முந்திய மாலை, மணியொலிக்கு மட்டும் இரண்டு ஆடுகள் வந்தன. மூன்றாவதாகிய கிழட்டாடு இன்னும் என் குரலுக்கே காத்து நிற்கின்றதெனப் பாட்டனார் எழுதியிருக்கின்றார்.