தேங்காய்ப்பால் கோழி: முதலில் வேகட்டும், பிறகு பால்!

ஆபீஸ் முடிந்து, தி.நகர் நெரிசலில் நீந்தி வீடு சேர இரவு 8 மணியாகிறதா? வழியில் அரைகிலோ கோழி வாங்குங்கள். மற்றதெல்லாம் உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது.

வெங்காயம், பச்சைமிளகாய், இஞ்சி-பூண்டு விழுதை வதக்குங்கள். சிறு துண்டுகளாக்கிய கோழி, மஞ்சள்தூள், மிளகுத்தூள், உப்பு, அரை டம்ளர் தண்ணீர் சேர்த்து மூடி, 20 நிமிடம் வேகவிடுங்கள். ஊறவைத்து அரைத்த 10 முந்திரியைக் கலந்து ஒரு கொதி விடுங்கள். கடைசியில், ஒரு மூடித் தேங்காயின் கெட்டிப் பாலை ஊற்றி, நுரை கட்டியதும் இறக்குங்கள்.

'பால் திரிஞ்சிடுமே!' என்று பயந்து, அரைவேக்காட்டில் இறக்கிடாதீங்க. சால்மோனெல்லா போன்ற கிருமிகள் சாக, கறியின் உட்பகுதி வரை 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏறவேண்டும். பெரிய துண்டைப் பிட்டுப் பாருங்கள். உள்ளே சிவப்பு தெரிந்தால் இன்னும் வேகணும். அதன் பிறகே பால். சூடான சாதத்தோடு பரிமாறுங்கள், சட்டி காலியாகிவிடும்!